கோடையில் மாறும் கொள்கைகள்

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் பெரும்பாலும் சித்திரை மாதத்தை ஒட்டியே வருகிறது. அந்தப் பருவத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்து வாய்க்கால்களில் தண்ணீர் இராது. தையிலும் மாசியிலும் சம்பாவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடந்து நெல்லைப் போட்டுவிட்டு, களத்தையும் கூட்டிப் பெருக்கிவிட்ட குடியானவன், அடுத்த சாகுபடிக்குச் சேதி வரும் வரையில் தென்னையைப் பார்த்துக்கொண்டும், உளுந்தைப் பறித்துக்கொண்டும், கடைத்தெருவில் நாலு பேரோடு அரசியல் பேசிக்கொண்டும் இருக்கிற காலம் அது. வறண்ட வாய்க்காலின் மதகில் உட்கார்ந்திருப்பவனிடத்தில்தான் வேட்பாளர்கள் வந்து கைகூப்புகிறார்கள். மேட்டூர் அணையைத் திறப்பதற்கு விதித்த நாளாகிய ஜூன் 12க்குள் முடிவுகளும் வெளிவந்து, புதிய மந்திரிசபையும் பதவி ஏற்றுக்கொண்டு விடுகிறது. ஆகையால் வாக்குறுதிக்கும் அதன் முதற் பரீட்சைக்கும் இடையே சில வாரங்களே இடைவெளி உள்ள பிரதேசம் காவிரிப் படுகையைப் போல் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகந்தான். 2011இல் புதிய அரசு ஜூன் 6ஆம் தேதியே அணையைத் திறந்தது. 2016இல் தேர்தல் முடிந்து நாலு மாதமாகி, செப்டம்பர் 20ஆம் தேதிதான் கதவுகள் உயர்ந்தன. 2021இல் குறித்த நாளிலேயே தண்ணீர் புறப்பட்டது.

கல்லணையிலிருந்து பிரிந்து வருகிற கல்லணைக் கால்வாயை இங்குள்ள ஜனங்கள் இன்றும் புது ஆறு என்றே சொல்கிறார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் பூர்த்தியான அந்தக் கால்வாய், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவதாகக் கணக்கு. பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் அதன் கடைமடை. மேட்டூரில் திறந்தாயிற்று என்று பத்திரிகையில் படம் வந்து பல நாள் கழித்தே தண்ணீர் வந்து எட்டுகிற இடத்தில் குடியிருப்பவர்களுக்கு, அறிவிப்பு வேறு, வரவு வேறு என்பதை எவரும் போதிக்க வேண்டியதில்லை. அரசியல்வாதிகள் தேர்தல் வந்தால் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்ற புகாரை இத்தகைய ஜனங்களின் நடுவில் வைத்துப் பரிசீலிப்பதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதைக் குற்றமென்று சொல்ல நாம் தயாராக இல்லை. புதிய விஷயம் தெரிய வந்த பிறகும் பழைய கருத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறவரை உறுதியுள்ளவர் என்று புகழ்வதைக் காட்டிலும், தெரிந்துகொண்டு மாறியவரை வணங்குவதே விவேகம். ஆனால் மாறியவரிடம் ஜனங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு உண்டு: எந்தத் தேதியில் மாறினார், மாறியதற்காக என்ன விலை கொடுத்தார். வாக்குப்பதிவுக்கு வெகு தூரத்தில், சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளிக்கும்போது ஒருவர் மாறினால், அந்த மாற்றத்துக்கு அவர் தம் கையிலிருந்து கொடுக்கிறார். விஞ்ஞாபனம் அச்சாகிற வாரத்தில் மாறினால், அந்த மாற்றத்தைக் கொண்டு அவர் வாங்கப் பார்க்கிறார்.

இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதற்கு, படுகையில் நடந்த மீத்தேன் விவகாரத்தைப்போல் பொருத்தமான வழக்கு வேறு கிடைக்காது.

மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கு வெகு ஆழத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவம் இருக்கிறது. அதில் மீத்தேன் வாயு தங்கியிருக்கிறது. தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் அதனை எடுத்துக்கொள்ள கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்னும் கம்பெனிக்கு மத்திய அரசு 2010இல் உரிமை வழங்கியது. அந்தக் கம்பெனியோடு 2011 ஜனவரி 4ஆம் தேதி தமிழக அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டது. அப்போது ஆட்சியிலிருந்தது தி.மு.க., துணை முதல்வராக இருந்தவர் மு. க. ஸ்டாலின். தேர்தலுக்கு மூன்று மாதத்திற்கும் சற்று அதிகமான காலமே இருந்தது என்றாலும், அந்தத் தேர்தலில் மீத்தேனைப் பற்றி எந்த மேடையிலும் பெரிதாகப் பேச்சு எழவில்லை. எழுவதற்கு அது இன்னதென்று ஊரில் பலருக்குத் தெரிந்திருக்கவுமில்லை. தொழிற்சாலை வருகிறது, வேலை வருகிறது என்ற அளவில் அது ஒரு மூலைச் செய்தியாகவே போய்விட்டது.

விஷயம் என்னவென்றால், நிலக்கரியின் இடுக்குகளில் தண்ணீரின் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டு கிடக்கிற வாயுவை விடுவிக்க வேண்டுமானால் முதலில் அந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றியாக வேண்டும். ஆற்றுத் தண்ணீர் பொய்த்த வருஷங்களில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நாற்றுவிடுகிற நாட்டில், நிலத்தடி நீரை மாதக்கணக்காக இறைத்துக் கொட்டினால் கிணறுகள் என்னாகும், கடற்கரையிலிருந்து வெகு தூரமில்லாத ஊர்களில் உப்புநீர் உள்ளே ஏறாதா, வெளியேற்றிய நீரை எந்த வாய்க்காலில் விடுவார்கள் என்ற கேள்விகளைக் கிராமம் கிராமமாகச் சென்று எடுத்துச் சொன்னவர்களில் தலையாயவர் இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள இளங்காட்டில் பிறந்த அவர், எழுபத்தைந்து வயதில், இந்தப் பிரசாரத்துக்காக அலைந்துகொண்டிருந்த வேளையில், 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டி கிராமத்தில் காலமானார். அவர் எந்தத் தேர்தலிலும் நின்றவரல்லர். ஆயினும் அவரும் அவரோடு நடந்த விவசாயிகளும் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, மீத்தேன் வேண்டும் என்று சொல்லி இந்தப் பக்கத்தில் எந்தக் கட்சியும் வாக்குக் கேட்க முடியாதென்ற நிலைமை உண்டாகிவிட்டது.

கட்சிகள் நகரத் தொடங்கின. ஜெயலலிதாவின் அரசு 2013 ஜூலையில் பணிகளை நிறுத்திவைத்து, ஆராய்வதற்கு நிபுணர் குழுவை நியமித்தது. ஒப்பந்தம் செய்த தி.மு.க., எதிர்க்கட்சி வரிசைக்கு வந்த பின்னர் திட்டத்தை எதிர்த்தது. தாங்கள் ஒப்புக்கொண்டது பூர்வாங்க ஆய்வுக்கு மாத்திரமே என்பது அக்கட்சி தந்த விளக்கம். ஆய்வுக்கு மட்டுந்தான் என்று வைத்துக்கொண்டாலும், விவசாயிகளைக் கலக்காமல் ஏன் செய்தீர்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கத்தான் செய்கிறது. 'அப்போது எங்களுக்குத் தெரியவில்லை, இவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டோம்' என்று நேராகச் சொல்லியிருந்தால் அந்தக் கட்சியின் கௌரவம் குறைந்திராது. கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல நம் அரசியலில் வழக்கமில்லை.

2015 அக்டோபரில், நிபுணர் குழுவின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, மீத்தேன் திட்டத்துக்கு நிரந்தரமாக அனுமதியில்லை என்று தமிழக அரசு அறிவித்தது. அடுத்த தேர்தலுக்கு ஏழு மாதம் இருந்தது. நிறுத்திவைத்ததற்கும் தடை செய்ததற்கும் நடுவே இரண்டு வருஷங்களுக்கு மேல் கடந்திருந்தன என்பதையும், அதற்குள் மத்திய அரசே கம்பெனியின் உரிமையை ரத்து செய்யும் நிலைக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த அறிவிப்புக்கு அரசாங்கம் கொடுத்த விலை அதிகமென்று சொல்வதற்கில்லை.

மீத்தேன் போயிற்று என்று மூச்சு விட்டவர்களுக்கு ஹைட்ரோகார்பன் என்ற வேறு பெயர் காதில் விழுந்தது. 2017 பிப்ரவரி 15ஆம் தேதி மத்திய மந்திரிசபை, கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல்களில் 31 இடங்களைத் தனியாருக்கு ஒப்படைக்க இசைந்தது. அவற்றில் ஒன்று பட்டுக்கோட்டையிலிருந்து வெகு தூரமில்லாத, புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல். மறுநாளே ஊர் திரண்டது. ஆண்களும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பந்தலடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜனங்கள் விரும்பாத திட்டம் வராது என்று மத்திய மந்திரி பொன். இராதாகிருஷ்ணனும், அனுமதி தரமாட்டோம் என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் உறுதி கூறியதன்பேரில் இருபத்திரண்டு நாள் போராட்டம் மார்ச் 9ஆம் தேதி நின்றது. அம்மாதம் 27ஆம் தேதி தில்லியில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஏப்ரலில் ஊரார் மறுபடியும் பந்தல் போட்டார்கள். பதினெட்டே நாளில் கரைந்துபோன ஓர் உறுதிமொழியின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

பிறகு நேர்ந்த திருப்பம் சுவாரஸ்யமானது. 2019 மக்களவைத் தேர்தலில் தேனி ஒன்றைத் தவிர மற்ற தொகுதிகளையெல்லாம் அ.தி.மு.க. கூட்டணி பறிகொடுத்திருந்தது. 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. இந்நிலையில், அந்த மத்திய அரசின் தோழமைக் கட்சியைச் சேர்ந்த முதல்வர் பழனிசாமி, பிப்ரவரி 9ஆம் தேதி சேலம் மாவட்டத் தலைவாசலில் நடந்த ஒரு விழாவில், காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆகும் என்று அறிவித்தார். பதினொரு நாளில் அது சட்டசபையில் மசோதாவாக வந்து நிறைவேறியது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்று கேட்ட தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு மீத்தேனுக்கு ஒப்பந்தம் செய்த கட்சி, மண்டலத்தைக் காக்கும் சட்டம் போதுமான பலத்தோடு இல்லையென்று குறை சொல்ல, நெடுவாசலில் உறுதியளித்துவிட்டுத் தில்லிக் கையெழுத்தைத் தடுக்க இயலாதிருந்த கட்சி, படுகையின் ரட்சகராகப் பாராட்டு விழாக்களில் மாலை பெற்றது. சட்டமன்றத் தேர்தலுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. விஞ்ஞாபன வாரத்து மாற்றம் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. வெறும் பேச்சாகப் போகாமல் சட்டமாக ஏறியதற்காகவும் பழனிசாமிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும். சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

பழைய தலைமுறையினர் கொள்கை மாற்றத்தை எவ்விதம் நடத்தினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டுக்கோட்டைக்கே ஒரு பாத்தியதை உண்டு. 1938இல் சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி, 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கிய காலத்தில், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே சென்ற தமிழர் படையின் தளபதியாக இருந்தவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. ஆகஸ்டு முதல் தேதி கிளம்பிய படை வழிநெடுகக் கூட்டம் போட்டுக்கொண்டு செப்டம்பர் 11ஆம் தேதி சென்னையைச் சேர்ந்தது. அடுத்த வருஷம் கும்பகோணத்துத் தாளமுத்துவும் சென்னை நடராசனும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். ராஜாஜி அசையவில்லை. 1940இல் கவர்னர் ஆட்சியின்போதே அந்த உத்தரவு வாபஸாயிற்று.

அதே ராஜாஜி, 1950களின் பிற்பகுதியில் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்க்கத் தொடங்கி, 1965 கிளர்ச்சியின்போது அந்த எதிர்ப்பின் மூத்த குரலாக விளங்கி, 1967இல் தி.மு.க.வோடு கூட்டு வைத்துக் காங்கிரஸைத் தோற்கடித்தார். அழகிரிசாமி 1949இலேயே இறந்துவிட்டபடியால் இந்த விநோதத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யூகித்துச் சிரித்துக்கொள்ள மட்டுமே நம்மால் ஆகும். ராஜாஜியின் மாற்றம் முழுமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு தேர்தல் மாதத்தில் நேர்ந்ததன்று. பத்து வருஷத்துக்கு மேல் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதி, காரணம் சொல்லி, வடநாட்டில் தமக்கிருந்த செல்வாக்கையும் பழைய சகாக்களின் சிநேகத்தையும் செலவழித்து அவர் வந்து சேர்ந்த முடிவு அது. 1938க்காக அவர் வருந்தினாரா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 1965இல் அவர் எங்கே நின்றார், ஏன் நின்றார் என்பதில் ஒருவருக்கும் மயக்கம் இருந்ததில்லை.

அண்ணாவின் திராவிட நாட்டுக் கோரிக்கையும் அப்படித்தான். 1962 தேர்தலில் அதைச் சொல்லியே வாக்குக் கேட்டார். அவ்வருஷம் மே மாதம் மாநிலங்களவையில் தம் முதற் பேச்சிலேயே சுயநிர்ணய உரிமையை வாதித்தார். அக்டோபரில் சீன யுத்தம் வந்தது. 1963இல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்து, இந்தியாவின் ஒருமைப்பாட்டைக் காப்பதாகப் பிரமாணம் செய்யாதவர் தேர்தலில் நிற்கவே முடியாதென்று ஆயிற்று. அந்த வருஷமே தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. தேர்தலில் நிற்கும் உரிமைக்காகத்தானே விட்டார்கள் என்று கேட்டால், ஆம், அதுவும் உண்மைதான்; நாம் அண்ணாவைத் தபஸ்வியாக்கப் பார்க்கவில்லை. ஆனால் கோரிக்கையை விடுகிறோம், கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த பொதுத் தேர்தலுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது. இந்தக் கோரிக்கை நடவாத காரியமென்று சொல்லி ஈ.வெ.கி. சம்பத் 1961இலேயே வெளியேறியிருந்தார். விட்டு விலகியவர் சொன்னதையே இரண்டு வருஷம் கழித்துத் தாமும் ஏற்கவேண்டி வந்த சங்கடத்தையும் அண்ணா சுமந்தார்.

அரிசி விஷயத்தில் அவருக்கு வேறு சோதனை காத்திருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது 1967 தேர்தலில் நாடெங்கும் முழங்கியது. நெல் விளைகிற தஞ்சை ஜில்லாவில் அந்த முழக்கத்துக்கு இரண்டு காதுகள் இருந்தன: கூலியை நம்பிக் கடையில் அரிசி வாங்குகிற விவசாயத் தொழிலாளியின் காதுக்கு அது தேன், நெல்லை விற்றுக் கடனை அடைக்க வேண்டிய சிறு மிராசுதாரருக்கோ, அரிசி மலிந்தால் நெல் விலை எங்கே நிற்கும் என்ற திகில். பதவிக்கு வந்த பின் சென்னையிலும் கோவையிலும் படியரிசித் திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் விரிக்கக் கஜானா இடந்தரவில்லை. மூன்று படி லட்சியமாகவே நின்றுவிட்டது. லட்சியம் என்றும் நிச்சயம் என்றும் முன்னரே இரண்டாகப் பிரித்துச் சொன்னதில் இருந்த சாமர்த்தியத்தை மறுப்பதற்கில்லை. இக்கால விஞ்ஞாபனங்களில் அந்தப் பிரிவினைகூடக் கிடையாது, எல்லாமே நிச்சயந்தான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11ஆம் தேதி மாநிலங்களவையில் 105 வாக்குகளுக்கு எதிராக 125 என்ற கணக்கில் நிறைவேறியது, ஆதரித்தவர்களில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் பதினொருவர். அவர்கள் எதிர்த்து வாக்களித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடும். 2021 மார்ச் 14ஆம் தேதி வெளியான அக்கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனத்தில், அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று ஒரு வாக்குறுதி இருந்தது. வாக்குப்பதிவுக்கு இருபத்து மூன்று நாள். சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியே அப்போதும் கூட்டணியில். பட்டுக்கோட்டைத் தொகுதியில் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் அதிராம்பட்டினம் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு துண்டறிக்கையோடு சென்ற தொண்டன் இந்த முரணை எப்படி விளக்கினானோ, பாவம். தலைவர்களின் மாற்றத்துக்கு வாசற்படியில் நின்று பதில் சொல்கிற கடமை என்றைக்கும் தொண்டனுடையது.

மதுவிலக்கை விரித்துச் சொல்லப் புகுந்தால் இதழ் முழுவதும் போதாது. 1971இல் அதைத் தளர்த்திய கருணாநிதி, 1974இல் மீண்டும் கொண்டுவந்தவர். 2015 ஜூலையில், ஆட்சிக்கு வந்தால் பூரண மதுவிலக்கு என்று அறிவித்தார். ஜெயலலிதா படிப்படியான மதுவிலக்கு என்று வாக்களித்து, 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவிட்டார். 2021 விஞ்ஞாபனத்தில் தி.மு.க.வின் பழைய பிரதிக்ஞை காணப்படவில்லை. காரணத்தையும் எவரும் விளக்கவில்லை.

விவசாயியின் கையில் நேராகப் பட்ட விஷயம் நெல் விலை. இதில் நடந்தவற்றை நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் இங்கே வாக்கு மாறவில்லை, கணக்குத்தான் மாறியது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை வேலை செய்த தேசிய விவசாயிகள் கமிஷன், உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி அளவேனும் கூடுதலாக ஆதார விலை இருக்கவேண்டும் என்றது. 2014 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி அதையே வாக்குறுதியாக்கியது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு, அப்படிச் செய்தால் சந்தை நிலைகுலையும், சாத்தியமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணம் தாக்கல் செய்தது. 2018 பட்ஜெட்டில், அடுத்த பொதுத் தேர்தலுக்கு ஓராண்டு சொச்சமிருக்க, ஒன்றரை மடங்கு கொடுத்தாயிற்று என்று அறிவிப்பு வந்தது. எப்படிச் சாத்தியமாயிற்று? கையிலிருந்து கொடுத்த செலவையும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் மட்டும் செலவென்று கொண்டு, சொந்த நிலத்துக்குரிய வாரத்தையும் போட்ட சொந்த முதலுக்குரிய வட்டியையும் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். சொந்த நிலத்தின் வாரத்தைச் செலவில் சேர்க்காத கணக்கைப் படித்தவர்கள் எழுதிவிடலாம், உழுகிறவன் ஒப்புக்கொள்ளமாட்டான்.

மாநிலத்திலும் இதன் வேறொரு வடிவத்தைக் கண்டோம். குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று தி.மு.க. 2021இல் வாக்குறுதி தந்தது. அந்த வருஷத்துப் பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை 1,940 ரூபாய். சொன்னதை உடனே செய்திருந்தால் மாநில அரசு குவிண்டாலுக்கு 560 ரூபாய் போட்டிருக்கவேண்டும். 2,500 ரூபாய் வந்தது 2025 செப்டம்பரில், அடுத்த தேர்தல் ஓராண்டுக்குள் இருந்தபோது. அதற்குள் ஆதார விலை 2,369 ஆக ஏறியிருந்தது; மாநிலம் சேர்க்க வேண்டியிருந்தது 131 ரூபாய். இடைப்பட்ட நாலு வருஷத்தில் உரமும் டீசலும் அறுப்பு இயந்திர வாடகையும் ஏறாமல் காத்துக்கொண்டிருக்கவில்லை. வாக்குறுதியை நிறைவேற்றினோம் என்று சொல்வது பொய்யாகாது. வட்டியெல்லாம் கடன் கொடுத்தவனே தாங்கிக்கொண்ட பிறகு முதலைத் திருப்பிக் கொடுத்த மாதிரி அது.

காலத்தால் மாறுவது ஒரு வகை. இடத்தால் மாறுவது இன்னொரு வகை. காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட உத்தேசித்த மேகதாது அணைக்காக அம்மாநிலக் காங்கிரஸ் 2022 ஜனவரியில் பாதயாத்திரை நடத்தியது, மறு வருஷத்துத் தேர்தலில் ஜெயித்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸோ அணை கூடாது என்கிறது. பாரதிய ஜனதாவின் அப்போதைய தமிழ்நாட்டுத் தலைவர் அண்ணாமலை 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தஞ்சாவூரில் அந்த அணைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தார். பெங்களூரில் அப்போது ஆட்சியிலிருந்த அவர் கட்சி, அடுத்த பட்ஜெட்டில் அதே அணைக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒசூரைத் தாண்டினால் கொள்கை வேறாகிற கட்சிகளுக்குத் தில்லியில் ஒரு கொள்கை உண்டா என்று கேட்டால், நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி நடப்போம் என்கிறார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2018இல் வந்தது. கட்சிகளின் இந்த மௌனம் மட்டும் தீர்ப்பில்லாமல் நீண்டுகொண்டிருக்கிறது.

மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களின் கதையை நாடறியும். ஆரம்பத்தில் ஆதரித்துப் பேசிய அகாலி தளம், பஞ்சாப் விவசாயிகள் கிளம்பியவுடன் 2020 செப்டம்பரில் மத்திய மந்திரி பதவியையே ராஜினாமா செய்து வெளியேறியது. தில்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் விவசாயிகள் உட்கார்ந்த பின், உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் தேர்தல் நெருங்கியிருக்க, 2021 நவம்பர் 19ஆம் தேதி பிரதமர் சட்டங்களை வாபஸ் பெறுவதாகச் சொன்னார். தேதியைப் பார்த்தால் நமது உரைகல்லில் இந்த மாற்றம் மட்டமாகத்தான் தேறும். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் நமது உரைகல்லுக்கே ஓர் எல்லை உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது: தலைவரின் யோக்கியதையை அளக்க அது உதவும், ஜனங்களின் லாபத்தை அளக்க உதவாது. தேர்தலுக்குப் பயந்து செய்தாலும் நல்லது நல்லதுதான் என்று கடைத்தெருவில் பேசுகிறவர் சொன்னால் மறுத்துப் பேச நம்மிடம் வலுவான வாதம் கிடையாது. பயம் தீர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று மட்டும் அவரைத் திருப்பிக் கேட்கலாம்.

அதற்குப் பதில் சட்டத்தின் ஷரத்துகளில்தான் கிடைக்கும். 2020ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களையும் தன் எல்லைக்குள் கொண்டது. நெடுவாசல் உள்ளே வந்தது. காவிரி பாய்கிற திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் வெளியே நின்றன. புதிய கிணறுகளுக்குத் தடை உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்த கிணறுகளையும் குழாய்களையும் அது தொடவில்லை. 2017 ஜூன் 30ஆம் தேதி எண்ணெய்க் குழாய் கசிந்து, கேட்கப் போனவர்கள் கைதான கதிராமங்கலத்துக்காரர்களுக்கு இந்த ஷரத்தின் அர்த்தத்தை எவரும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை. வெளிநடப்புச் செய்தபோது தி.மு.க. குறிப்பிட்ட குறைகளில் சில நியாயமானவை. 2021 மே மாதம் அதே கட்சி பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. விட்டுப்போன மாவட்டங்களைச் சேர்க்கவோ, விதிவிலக்கை நீக்கவோ தன் கையிலேயே அதிகாரம் இருந்தும், எதிர்க்கட்சியாக இருந்தபோது காட்டிய அவசரத்தை ஆளுங்கட்சியாகக் காட்டவில்லை.

2023 மார்ச் இறுதியில், மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி உள்ளிட்ட மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளின் பெயர் வந்தது. வடசேரி பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் எதிர்த்தன; தாமும் டெல்டாக்காரர்தான் என்று முதல்வர் ஸ்டாலின் சபையில் சொன்னார்; அண்ணாமலையும் தம் கட்சியின் மத்திய மந்திரிக்குக் கடிதம் எழுதினார்; ஏப்ரல் 8ஆம் தேதி மூன்று பெயர்களும் நீங்கின. மாநிலத்தில் அப்போது பொதுத் தேர்தல் எதுவும் அருகில் இல்லை. நெடுவாசலில் மாதக்கணக்காகப் பந்தலில் உட்கார்ந்து வாங்க வேண்டியிருந்ததை, வடசேரிக்காரர்கள் பந்தல் கட்டிமுடிப்பதற்குள் பெற்றார்கள்.

கட்சிகள் நெஞ்சறிந்து மாறிவிட்டன என்று இதைக்கொண்டு சொல்லலாமா? 2025இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருபது ஆய்வுக் கிணறுகள் தோண்டிக்கொள்ள ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி வழங்கியது. செய்தி ஆகஸ்டில் வெளியாகி எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அந்த அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்தை அறிவுறுத்தியிருப்பதாகவும், தமிழ்நாட்டின் எந்தப் பகுதியிலும் இத்திட்டங்களை அனுமதிக்கப் போவதில்லை என்றும் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தெரிவித்தார். ராமநாதபுரம் மாவட்டம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. அமைச்சர் சொன்ன வார்த்தையைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு ஒரு திருத்த மசோதாவும் ஒருநாள் விவாதமும் போதும்.